ஒரு காது ஊருக்கு

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குக் காலை வண்டியில், கம்பியில்லாமல் பாட்டு கேட்டபடி வரும் தம்பி தங்கைகளுக்கு,



உங்களுக்கு என்னைத் தெரியும், பெயர்தான் தெரியாது. டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது வரிசை ஜன்னலோரம், மடியில் சாப்பாட்டுப் பையோடு உட்கார்ந்து வரும் ஆள் நான். திருப்பாதிரிப்புலியூர் பேருந்து நிலையத்தில் ஏறினால் சிதம்பரத்தில்தான் இறங்குவேன். அங்கே ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். இருபத்தாறு வருஷமாக இதே தடம்தான். உங்கள் அண்ணன்மாரும் அக்காமாரும் அண்ணாமலை நகருக்குப் படிக்கப் போன காலத்தையும் பார்த்தவன். அவர்கள் காதிலிருந்து வயர் தொங்கும். உங்கள் காதில் அதுவும் இல்லை.

"பெருசு புத்தி சொல்ல வந்துடுச்சு" என்று மடலை மடித்துவிட வேண்டாம். நானும் உங்கள் கட்சிதான். போன தீபாவளிக்கு என் பொண்ணு ஒரு நெக்பேண்ட் வாங்கிக் கொடுத்தாள். முதல் நாளே அது என் மானத்தை வாங்கிய கதை உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்காகச் சொல்கிறேன்.

அன்று திங்கட்கிழமை. வண்டி முதுநகரைத் தாண்டியிருந்தது. பாதி வண்டி தூங்கி வழிந்துகொண்டிருந்தது. நான் நெக்பேண்டைக் கழுத்தில் போட்டு, இரண்டு பக்கமும் காதில் செருகி, போனில் தண்டபாணி தேசிகர் பாட்டு ஒன்றைத் தட்டினேன். எங்கோ கிணற்றுக்குள் பாடுவதுபோலக் கேட்டது. சத்தத்தைக் கூட்டினேன். பத்தவில்லை, இன்னும் கூட்டினேன். முன்சீட்டு அம்மா திரும்பிப் பார்த்தார். பின்னால் யாரோ சிரித்தார்கள். கண்டக்டர் டிக்கெட் மெஷினைத் தட்டியபடியே வந்து, "சார், காலங்காத்தால பக்திப் பாட்டு நல்லாத்தான் இருக்கு. மொத்த வண்டிக்கும் நேர்த்திக்கடனா?" என்றார். அப்போதுதான் புரிந்தது, பாட்டு என் சட்டைப் பையிலிருந்து வண்டி முழுக்க முழங்கிக்கொண்டிருந்தது. கேட்காதவன் நான் ஒருவன்தான். இரண்டு காதையும் அல்லவா அடைத்து வைத்திருந்தேன்.

பக்கத்தில் நின்றிருந்த ஒரு பெண் குனிந்து, "சார், புளூடூத் ஆன்ல இருக்கு, பேர் ஆகல. இந்தப் பட்டனை அழுத்திப் புடிங்க" என்றது. நீல விளக்கு கண் சிமிட்டியது. காதுக்குள் ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் ஏதோ ஒப்புதல் சொன்னது. அடுத்த நொடி தேசிகர் கிணற்றை விட்டு ஏறி என் நடுமண்டைக்குள் உட்கார்ந்து பாடினார். இத்தனை வயதில் அப்படி ஒரு பாட்டை அத்தனை கிட்டத்தில் நான் கேட்டதில்லை. அவர் மூச்சு வாங்குவது கேட்டது. உடன் வாசித்த வயலின்காரர் வில்லைத் திருப்பும் உரசல்கூடக் கேட்டது. ஆலப்பாக்கம் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை.

எனவே இந்தச் சுகம் என்ன என்று தெரிந்துகொண்டுதான் எழுதுகிறேன். நசுக்கித் தள்ளும் கூட்டத்தில், ஒற்றைக் காலில் நின்றுகொண்டு போகிற ஒன்றேகால் மணி நேரத்தில், தனக்கென்று ஒரு அறை கிடைக்கிறது. அதற்கு வாடகை கிடையாது, கதவை யாரும் தட்டுவதில்லை. வீட்டில் அப்படி ஒரு அறை நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது?

அந்தப் பெண் பல்கலைக்கழகத்தில் வாய்ப்பாட்டுப் படிக்கிறதாம். மறுவாரம் எனக்கு ஒரு கேள்வி வைத்தது. "சார், இதை மாட்டிக்கிட்டு கரோக்கி பாடிப் பதிவு பண்ணா, என் குரல் மட்டும் தாளத்துக்குப் பின்னாடி வருது. வயர் ஹெட்போன்ல அப்படி வரல. நான் தாளம் தப்பல, சத்தியமா." தாளம் தெரிந்த பிள்ளை சத்தியம் செய்யவேண்டிய நிலைமை எப்படி வந்தது என்று துருவப் போனதில், நம் காதில் இருப்பது என்ன பண்டம் என்று கொஞ்சம் பிடிபட்டது.

புளூடூத் என்ற இந்தத் தொழில்நுட்பம் பிறந்தது சுவீடன் நாட்டின் லுண்ட் நகரில், எரிக்சன் நிறுவனத்தில், 1994-ல். போனுக்கும் அதன் கூட்டாளிக் கருவிகளுக்கும் நடுவே கிடக்கும் வயரை ஒழிப்பதுதான் நோக்கம். யாப் ஹார்ட்சென் என்ற டச்சுப் பொறியாளர் அதில் முக்கியமானவர். பெயர், பத்தாம் நூற்றாண்டு டென்மார்க் ராஜா ஹரால்டின் பட்டப்பெயர். சிதறிக் கிடந்த கூட்டங்களை ஒன்றாக்கியவர் என்பதால், கருவிகளை ஒன்றுசேர்க்கும் வேலைக்குத் தற்காலிகமாக அவர் பெயரை வைத்தார்கள். அதுவே நிலைத்துவிட்டது. நாம் பெயர் வைத்துவிட்டு, அப்புறம் செல்லப்பெயரில் கூப்பிட்டே காலத்தை ஓட்டுவோமே, அந்த மாதிரி.

உங்கள் போன் பாட்டை அப்படியே காதுக்கு அனுப்புவதில்லை. முதலில் அதைச் சுருக்குகிறது. குறுந்தகட்டுத் தரத்தில் ஒரு நொடிப் பாட்டுக்குப் பதினான்கு லட்சம் பிட் வேண்டும் என்றால், சாதாரண புளூடூத் அதைச் சுமார் மூன்றே கால் லட்சத்தில் அடக்குகிறது. அடக்கியதைத் துண்டு துண்டாக அனுப்புகிறது. காதில் இருக்கும் சின்னக் கருவி துண்டுகளை வாங்கி, கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொண்டு, விரித்துப் பாடுகிறது. சேர்த்து வைக்காவிட்டால் ஒரு துண்டு தாமதமானாலும் பாட்டு விக்கும். இந்த மூட்டை கட்டுதல், அவிழ்த்தல் எல்லாம் சேர்ந்து நொடியில் பத்தில் ஒன்று, இரண்டு பங்கு போய்விடுகிறது. நமக்கு அது தெரியாது. கரோக்கியில் தெரிந்துவிடும். இசை காதுக்கு வந்து சேர்வதே தாமதம். வந்த இசைக்குச் சரியாகத்தான் அந்தப் பிள்ளை பாடுகிறது. ஆனால் பதிவில் அதன் குரல், தாமதமில்லாத மூல இசையோடு போய்ச் சேர்கிறது. தாளம் தப்பியது கருவி. மறுநாள் இதைச் சொன்னதும், "அப்பாடா, எங்க பாட்டு சார்கிட்ட திட்டு வாங்குனது வேஸ்ட்" என்று அது சிரித்தது.

இன்னொன்று என்னை அசத்தியது. நம் வண்டியில் ஒரே நேரத்தில் நாற்பது பேர் காதில் நாற்பது பாட்டு ஓடுகிறது. ஒருவர் பாட்டு இன்னொருவர் காதுக்குத் தவறிப் போவதில்லை. எப்படி? 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் 79 அலைவரிசைகள் இருக்கின்றன. உங்கள் போனும் இயர்பட்ஸும் தமக்குள் பேசிவைத்த ஒரு வரிசைப்படி, நொடிக்கு 1600 தடவை வரை ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவுகின்றன. கோயில் திருவிழாக் கூட்டத்தில் கையைப் பிடித்துக்கொண்டு சந்து சந்தாக நுழைந்து போகும் அண்ணன் தங்கை மாதிரி. இப்படித் தாவும் யோசனைக்கு 1942-ல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிய இருவரில் ஒருவர் ஹெடி லமார் என்ற சினிமா நடிகை, மற்றவர் ஜார்ஜ் அந்தெயில் என்ற இசையமைப்பாளர். தானாக வாசிக்கும் பியானோவின் துளைபோட்ட காகிதச் சுருளை வைத்துத்தான் அவர்கள் அதை வடிவமைத்தார்கள். 88 அலைவரிசை, பியானோவின் 88 கட்டைகளைப் போலவே. கப்பலை அடிக்கும் டார்பிடோவுக்காக யோசித்தது அது. அதே உத்திதான் இன்று நம் வண்டியில் பாட்டுக்குக் காவல் நிற்கிறது.

கம்பியில்லாமல் பாட்டு கேட்ட முதல் தலைமுறை நீங்கள்தான் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். அந்தப் பெருமை என் அப்பா, தாத்தா காலத்துக்குப் போகும். முதுநகர் வீட்டுத் திண்ணையில் அப்பாவின் டிரான்சிஸ்டர் இருந்தது. வானொலிப் பெட்டி வைத்திருக்கத் தபால் ஆபீசில் பணம் கட்டி உரிமம் எடுக்கவேண்டிய காலம். கடல் பக்கத்து ஊர் அல்லவா, கொழும்பிலிருந்து இலங்கை வானொலி கணீரென்று விழும். மயில்வாகனன், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் என அதன் அறிவிப்பாளர்கள் எல்லாரும் எங்கள் தெருவுக்கு உறவுக்காரர்கள் மாதிரி. எந்தக் கம்பியும் இல்லாமல் கடலைத் தாண்டி வந்தது பாட்டு. என்ன வித்தியாசம் என்றால், அந்தப் பெட்டி ஒரு காதுக்குப் பாடவில்லை, திண்ணைக்குப் பாடியது. எதிர்வீட்டு அக்கா அரிசி புடைத்தபடி கேட்பார். சைக்கிளில் போகிற மீன்காரர் காலை ஊன்றி நின்று ஒரு சரணம் கேட்டுவிட்டுப் போவார். பிடிக்காத பாட்டு வந்தால் அதையும் கேட்டுத்தான் ஆகவேண்டும், தள்ளிவிட முடியாது. அப்படிக் கேட்ட பிடிக்காத பாட்டுகளில் பாதி பின்னால் எனக்குப் பிடித்துப்போனது.

நீங்கள் அப்படிக் கேளுங்கள் என்று சொல்லவில்லை. போனை ஸ்பீக்கரில் போட்டு வண்டிக்கே கச்சேரி நடத்தும் ஒருவர் தினமும் கடைசி சீட்டில் வருகிறார். அவருக்கும் சேர்த்துத்தான் இந்த மடல். பேருந்தில் போன் ஸ்பீக்கர் சத்தத்தைத் தடுக்கச் சொல்லி 2021-ல் கர்நாடக உயர் நீதிமன்றமே சொல்லவேண்டியிருந்தது. திண்ணைப் பாட்டைக் கேட்க விரும்பாதவர் எழுந்து உள்ளே போகலாம். ஓடுகிற வண்டியில் எங்கே போவது? இயர்பட்ஸ் மாட்டுகிற நீங்கள் அடுத்தவர் தூக்கத்துக்குத் தரும் மரியாதைக்கு முதலில் என் நன்றி.

இனி நான் சொல்ல வந்தது. சிதம்பரத்துக்கு நமக்கு முந்திய தினசரிப் பயணி ஒருவர் உண்டு. அவர் நம்மைப் போல வடக்கிலிருந்து வரவில்லை, தெற்கேயிருந்து வந்தார். சீர்காழி முத்துத்தாண்டவர். தமிழிசை மூவரில் மூத்தவர், தியாகராஜர் காலத்துக்கும் ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டு முந்தியவர். நாயனம் வாசிக்கும் குடும்பத்தில் பிறந்து, நோயால் வாசிக்க முடியாமல் போனவர் என்பார்கள். சீர்காழிக் கோயிலில் ஒருநாள் இரவு உள்ளேயே தங்கிவிட, அம்பாள் ஒரு சிறுமியாக வந்து சோறு கொடுத்து, "தில்லைக்குப் போ. அங்கே உன் காதில் விழும் முதல் சொல்லை எடுத்துக்கொண்டு பாடு" என்றாளாம். அன்றிலிருந்து கொள்ளிடத்தைத் தாண்டி, இருபது கிலோமீட்டர் நடந்து சிதம்பரம் வருவார். கோயிலில் யார் வாயிலிருந்தாவது வந்து விழும் முதல் சொல்லைப் பிடித்துக்கொள்வார். அதுதான் அன்றைய பாட்டின் எடுப்பு. ஒருநாள் போனால், யாருமே பேசவில்லை. மனுஷர் அசரவில்லை. அந்த மௌனத்தையே ஒரு பாட்டாக்கிவிட்டார்.

கதையாக இருக்கட்டும். ஆனால் என்ன கதை என்று பாருங்கள். எடுப்பை அவர் யோசிக்கவில்லை, காதில் வாங்கினார். முன்பின் தெரியாத யாரோ, பூக்காரரோ, சாமி கும்பிட வந்த கிழவியோ, தற்செயலாகச் சொன்ன சொல். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று கீர்த்தனை என்கிற வடிவத்துக்குத் தமிழில் தொடக்கம் போட்டவர்களில் ஒருவர் என்று இசைக்காரர்கள் கொண்டாடும் ஆள், தன் பாட்டின் முதல் சொல்லை ஊரிடம் விட்டுவைத்தார். அவர் காதில் அன்றைக்கு இயர்பட்ஸ் இருந்திருந்தால்?

சிதம்பரமே காதால் ஆன ஊர் என்று எனக்குத் தோன்றும். மாணிக்கவாசகர் சொல்லச் சொல்ல, ஒரு வேதியராக வந்து திருவாசகத்தைக் கேட்டு ஓலையில் எழுதிக்கொண்டவன் நடராஜன்தான் என்பது இந்த ஊர் நம்பிக்கை. ஆடுகிறவன் என்று நாம் கும்பிடும் சாமி, உட்கார்ந்து கேட்டு எழுதிய கதையும் இங்கேதான் இருக்கிறது. அப்புறம் தேவாரம். கோயிலுக்குள் பூட்டிக் கிடந்த ஓலைகளை ராஜராஜ சோழனும் நம்பியாண்டார் நம்பியும் திறந்தபோது பெரும்பகுதியைக் கரையான் தின்றிருந்ததாம். மிஞ்சியதில் எழுத்து இருந்தது, பண் இல்லை. எந்தப் பாட்டை எப்படிப் பாடுவது என்று ஓலை சொல்லவில்லை. அதைத் தேடி அவர்கள் போன இடம் திருஎருக்கத்தம்புலியூர். நம் மாவட்டத்தில் விருத்தாசலம் பக்கத்து ராஜேந்திரப்பட்டினம்தான் அது. அங்கே திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண் பாடிக் காட்ட, பண்கள் மீண்டன என்று திருமுறை கண்ட புராணம் சொல்கிறது. எழுத்தைக் காப்பாற்றியது ஓலை. இசையைக் காப்பாற்றியது, பாட்டியிடமும் அம்மாவிடமும் கேட்டு வாங்கிய ஒரு பெண்ணின் காது.

1929-ல் அண்ணாமலைச் செட்டியார் பல்கலைக்கழகம் தொடங்கியபோது இசைக்கல்லூரியும் கூடவே வந்தது. சபேசய்யர், டைகர் வரதாச்சாரியார், பின்னாளில் என் நெக்பேண்டில் பாடிய அதே தண்டபாணி தேசிகர் எனப் பெரிய ஆட்கள் அங்கே பாடம் சொன்னார்கள். தமிழிசை இயக்கம் மூண்டதும் அந்த வளாகத்திலிருந்துதான். நம்மோடு வண்டியில் வரும் அந்தப் பெண் இப்போது படிப்பதும் அங்கேதான். அது சொன்னது ஒன்று நினைவில் நிற்கிறது. "சார், கிளாஸ்ல நாங்க பாடுறதைவிட கேட்கிறது ஜாஸ்தி. பக்கத்துல இருக்கிறவ எங்க சுருதி விடுறான்னு கேட்டாத்தான் நாம விடுறது தெரியும்."

இப்போது கொஞ்சம் கணக்கு. கணக்குப்பிள்ளை எழுதும் மடலில் கணக்கு இல்லாவிட்டால் எப்படி?

காதுக்குள் நத்தைக்கூடு மாதிரி ஒரு சுருள் இருக்கிறது. அதில் ஏறக்குறைய 15,000 நுண்மயிர்ச் செல்கள். பிறக்கும்போது கொண்டுவந்த முதல் அவ்வளவுதான். தலைமுடி கொட்டினால் முளைக்கும், இது முளைக்காது. உலகச் சுகாதார நிறுவனம் ஒரு வரவு செலவு போட்டுக் கொடுத்திருக்கிறது. 80 டெசிபல் சத்தத்தில் வாரம் 40 மணி நேரம் கேட்கலாம். 90-க்கு ஏற்றினால் வாரத்துக்கு 4 மணி நேரம். 100 என்றால் வாரம் முழுக்கச் சேர்த்து 20 நிமிஷம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும். கந்துவட்டியைவிட மோசமான கணக்கு. 12 முதல் 35 வயது வரையிலான 100 கோடிப் பேருக்கு மேல் இந்த ஆபத்தில் இருக்கிறார்கள் என்கிறது அந்த நிறுவனம்.

நம் தடத்துக்கு இதைப் பொருத்திப் பார்த்தேன். போக ஒன்றேகால், வர ஒன்றேகால், ஒரு நாளைக்கு இரண்டரை மணி நேரம். 90 டெசிபலில் கேட்கிறவருக்குத் திங்கட்கிழமை இரண்டரை போய்விட்டது. செவ்வாய் காலை ஒன்றேகால். மீதி கால் மணி. செவ்வாய் சாயங்காலம் வண்டி சிதம்பரத்தை விட்டுக் கிளம்பி முட்லூர் பக்கம் வரும்போது அந்த வாரத்துக் கணக்குத் தீர்ந்தது. 100-ல் கேட்கிறவருக்கு? திங்கட்கிழமை காலையிலேயே, சிப்காட் தொழிற்பேட்டை வாடை மூக்கில் ஏறும்போதே கணக்கு முடிந்துவிடும். அதற்கு மேல் கேட்பதெல்லாம் கடன். அந்தக் கடனை ஐம்பது வயதில் வசூலிப்பார்கள். கல்யாண வீட்டில் எல்லாரும் சிரிக்கும்போது, எதற்கென்று தெரியாமல் நாமும் சேர்ந்து சிரிக்கவேண்டியிருக்கும்.

சத்தத்தை ஏன் ஏற்றுகிறோம்? பாட்டுக்காக இல்லை, வண்டிக்காக. எஞ்சின் உறுமலைத் தாண்டிப் பாட்டு கேட்கவேண்டும் என்று ஏற்றுகிறோம். இதற்கு ஒரு வழி வந்திருக்கிறது. வெளிச் சத்தத்தை ஒரு குட்டி மைக்கில் வாங்கி, அதற்கு நேர் எதிரான அலையை உண்டாக்கி இரண்டையும் மோதவிட்டு அமுக்குவது. எஞ்சின் மாதிரித் தொடர்ந்து வரும் கீழ்ச்சத்தத்தை அது நன்றாகவே அடக்கும். அப்போது பாட்டைப் பாதிச் சத்தத்தில் வைத்தாலே போதும். உட்கார்ந்து பயணம் செய்யும்போது அது காதுக்கு நல்லதுதான். ஆனால் அதே அமைதியோடு இறங்கி ரோட்டைக் கடந்தால், லாரி ஹாரனும் எட்டத்தில் வருவதுபோலத்தான் தோன்றும்.

ரயில் பாதையோரம் நடக்கிறவர்களுக்கு நான் தனியாகச் சொல்லவேண்டியதில்லை. 2025 ஜூலை 8-ம் தேதி காலை செம்மங்குப்பம் கேட்டில் பள்ளி வேன் மீது ரயில் மோதிப் பிள்ளைகள் உயிர் போனதை இந்தத் தடத்தில் யாரும் மறக்கவில்லை. அதற்குக் காரணம் இயர்போன் இல்லை, அந்தப் பழியை அதன் மேல் போடமாட்டேன். அன்றிலிருந்து ரயில் ஊதினால் நம் வண்டியில் எல்லாரும் ஒருமுறை ஜன்னல் பக்கம் திரும்புகிறார்கள். இரண்டு காதும் அடைத்தவர்கள் மட்டும் திரும்புவதில்லை. அதைத்தான் நான் பார்க்கிறேன்.

ஆகவே என் கோரிக்கை சின்னது. ஒரு காது பாட்டுக்கு, ஒரு காது ஊருக்கு.

"ஒரு காதில் போட்டால் பாதிப் பாட்டுதான் கேட்கும்" என்பீர்கள். சரிதான். ஸ்டீரியோவில் வலப்பக்கம் ஒரு கருவி, இடப்பக்கம் ஒரு கருவி. 1978-ல் வந்த 'ப்ரியா' படப் பாட்டுகளை இளையராஜா அப்படித்தான் பதிவு செய்தார். ஒற்றைக் காதில் கேட்டால் பாதி வாத்தியம் காணாமல் போகும். அதற்கும் உங்கள் போனிலேயே வழி இருக்கிறது. செட்டிங்ஸில் அணுகல்தன்மை என்ற பகுதிக்குள் போனால் 'மோனோ ஆடியோ' என்று ஒரு பொத்தான் இருக்கும். ஒரு காது கேட்காதவர்களுக்காக வைத்தது. அதைத் தட்டினால் இரண்டு பக்கமும் ஒரே பக்கத்தில் வந்து கலந்துவிடும். எனக்கு இதைக் காட்டிக்கொடுத்ததும் அந்தப் பாட்டுப் படிக்கும் பிள்ளைதான். ஒற்றைக் காதில் கேட்கும்போது சத்தத்தைக் கூட்டத் தோன்றும், அங்கேதான் கையைக் கட்டவேண்டும். பாதிக்கு மேல் ஒரு கோடு போட்டு, அதைத் தாண்டுவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில், விடுதி அறையில், ராத்திரி மொட்டைமாடியில் இரண்டு காதிலும் போட்டு ஆசை தீரக் கேளுங்கள். இளையராஜாவின் வயலின்கள் இடமும் வலமும் பேசிக்கொள்வதைக் கேட்க அதுதான் நேரம். ஊர் நடுவே போகும்போது மட்டும் ஒரு காதை விட்டுவையுங்கள்.

விட்டுவைத்தால் என்ன கிடைக்கும் என்று கேட்டால், பெரிதாக எதுவும் இல்லை. நான் சேர்த்து வைத்திருப்பதைச் சொல்கிறேன். கண்டக்டர் விசில்: நிற்க ஒன்று, கிளம்ப இரண்டு. அவசரத்தில் அவர் அடிக்கும் மூன்றாவதற்கு அர்த்தம் அவருக்கும் டிரைவருக்கும் மட்டும் தெரியும். துறைமுகத்தில் மீன் எடுத்துக்கொண்டு ஏறும் அம்மாக்கள் அலுமினிய அன்னக்கூடையைத் தரையில் வைக்கும் சத்தத்தை வைத்தே அன்றைக்கு மீன்பாடு உண்டா இல்லையா என்று சொல்லிவிடலாம். கூடை கனத்து 'தொப்' என்றால் பாடு, கணகணவென்றால் கடல் கைவிரித்துவிட்டது. வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறும்போது டயர் சத்தம் மாறும், கண்ணை மூடியிருந்தாலும் சிதம்பரம் வந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

முத்துத்தாண்டவர் கதை தெரிந்த பிறகு நான் ஒரு விளையாட்டு வைத்துக்கொண்டேன். சிதம்பரம் பேருந்து நிலையத்தில் கால் வைத்ததும் காதில் விழும் முதல் வார்த்தையை ஒரு நோட்டில் எழுதுவது. மூன்று மாதத்தில் சேர்ந்தவை: "சில்லறையாக் குடுங்க." "கீழ வீதி ஆட்டோ, கீழ வீதி." "ஏண்டி நேத்து வரல?" "தள்ளி நில்லு, பஸ்ஸு பின்னால வருது." "கொத்சு இன்னும் ரெண்டு கரண்டி ஊத்துங்களேன்." இவற்றில் எதையும் எடுப்பாக வைத்துப் பாட்டுக் கட்ட எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்திருக்கும்.

பல நாள் நோட்டில் ஒன்றும் இருக்காது. நெக்பேண்டைக் கழற்ற மறந்து கடைவரை போய்விடுவேன். இந்த விஷயத்தில் உங்களைவிட நான் யோக்கியன் இல்லை.

போன மாதம் ஒருநாள், பாலம் தாண்டும்போதே என் நெக்பேண்ட் சார்ஜ் இல்லாமல் அணைந்துவிட்டது. இறங்கினேன். எனக்கு முன்னால் ஒரு கிழவி, கையில் கட்டைப்பை, இடுப்பில் மருத்துவமனைச் சீட்டுகள் செருகிய மஞ்சள் பை. உங்களில் ஒரு தம்பியிடம் கேட்டுக்கொண்டிருந்தார். "ஏம்ப்பா, இந்தப் பஸ்ஸு அண்ணாமலை நகர் போவுமா?" தம்பி போனைப் பார்த்துக்கொண்டிருந்தான், இரண்டு காதிலும் வெள்ளை மொட்டு. கிழவி மறுபடி கேட்டார். மூன்றாம் தடவை கேட்கவில்லை. தனக்குத்தான் சரியாகப் பேச வரவில்லையோ என்பதுபோல முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

தம்பி கெட்டவன் இல்லை. நான் தோளைத் தொட்டதும் மொட்டைப் பிடுங்கி, "ஐயோ, கேக்கலை பாட்டி" என்று பதறி, கட்டைப்பையை வாங்கி, வண்டியில் ஏற்றி, ஜன்னல் சீட்டு பிடித்து உட்காரவைத்துவிட்டுத்தான் இறங்கினான். சார்ஜ் இருந்திருந்தால் எனக்கும் அந்தக் கேள்வி கேட்டிருக்காது என்பதை அவனிடம் நான் சொல்லவில்லை. இங்கே சொல்லிவிட்டேன்.

அன்றைய தேதி போட்டு நோட்டில் எழுதினேன்: "ஏம்ப்பா, இந்தப் பஸ்ஸு அண்ணாமலை நகர் போவுமா?" அந்த எடுப்புக்கு எனக்குக் கட்டத் தெரிந்தது இந்த மடல் ஒன்றுதான்.

நாளைக் காலை வண்டியில் பார்ப்போம். என் இடது காதில் பாட்டு இருக்கும். வலது பக்கம் வந்து பேசுங்கள்.

இப்படிக்கு,
மூன்றாவது வரிசை, ஜன்னலோரம்,
ஏழரை மணி வண்டி.